செக்கரம்மா வைத்த பெயர்கள்

அவளை ஏமாற்றுவது லேசில் நடக்கிற காரியமில்லை. நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராகப் பாதி ஆயுளை ஓட்டியவள். ஏறினதும் கூட்டத்துக்குள் நழுவுகிறவன், பரிசோதகரைக் கண்டதும் தூக்கம் வருகிறவள், "இப்பத்தாங்க கையில வெச்சிருந்தேன்" என்று எல்லாப் பையையும் தடவுகிறவர் என்று சகல ரகத்தையும் பார்த்தாயிற்று. எங்கேயாவது தப்பு நடந்தால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். நடக்காத இடத்திலும் வேர்க்கும், அதுதான் தொல்லை. தெருவிலும் வேலையிலும் எல்லோருக்கும் அவள் செக்கரம்மா. கூடப்பிறந்த தம்பிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான்.

முழங்கால் தேய்ந்துபோய், ஓடுகிற வண்டியில் நிற்க முடியாது என்று ஆனதும் வேலையை விட்டாள். ஒற்றை ஆள், ஒற்றை அறை, அதுவும் செங்குத்தான இரும்புப் படியேறிப் போக வேண்டிய மொட்டைமாடி அறை. சும்மா உட்கார்ந்து கிடக்க அவளால் முடியவில்லை. தட்டச்சு தெரியும் என்பதால் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பேட்டி எடுத்த ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு, பேசினதைப் பேசினபடியே அடித்துத் தர வேண்டும். இருமினால் இருமல், அழுதால் அழுகை, பேசாமல் இருந்தால் மௌனம். ஒன்றையும் விடக்கூடாது. ஒன்றையும் விடாமல் இருப்பது அவளுக்குப் பிறவிக்குணம்.

அடித்ததெல்லாம் பக்கத்து மேஜைக்குப் போகும். அங்கே ஒரு நரைத்த தலைக்காரர் இருந்தார். பேசினவர் இன்னார் என்று யாருக்கும் தெரிந்துவிடாதபடி அடையாளங்களை மறைப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் முகமூடிக்காரர். ஆள் பெயரை எடுப்பார், தெருப் பெயரை எடுப்பார் என்பது வரைதான் செக்கரம்மாவுக்குத் தெரியும். அதற்குமேல் அவர் என்னதான் செய்கிறார் என்று அவள் கேட்டதில்லை. வாயைத் திறக்காத மனிதரிடம் என்னத்தைக் கேட்பது? 'ஊமைக்கொட்டான் மாதிரி இருந்துக்கிட்டு எல்லாத்தையும் கேக்கறான் பாரு' என்று அவர்மேலும் அவளுக்கு ஒரு கண் இருந்தது.

அவளுடைய வாய்க்கு மட்டும் மதிய உணவு நேரத்தில் பூட்டே கிடையாது. பேச்சு எங்கே தொடங்கினாலும் தம்பி மனைவியிடம்தான் போய் முடியும். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனதிலிருந்து அம்மா தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பி லாரி ஓட்டுகிறவன். போனால் வர நாளாகும். ஆக, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் தம்பி மனைவி. செக்கரம்மாவின் அறைக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அம்மாவுக்கு அந்தப் பெண்ணை விட்டால் வேறு கதியில்லை. அது செக்கரம்மாவுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அந்தப் பேச்சை விட முடியவில்லை.

"மூணாவது மாடி, லிப்ட் வேற ரிப்பேரு. பச்சைக் கதவைச் சாத்திட்டா உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? எங்கம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல நாள் முழுக்கப் பேசிக்கிட்டே இருந்தவ. இப்ப நாக்கு புரளல. அவளால வாயத் தொறந்து சொல்ல முடியாது. வாராவாரம் நான் போய்ப் பாக்கறேனோ, பொழைச்சாளோ."

அதில் பாதிக்குமேல் எல்லோருக்கும் மனப்பாடம். முகமூடிக்காரர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் நிறுவனத்தை நடத்தும் மேடம் அவளைக் கூப்பிட்டார். வயதில் செக்கரம்மாவைவிடச் சின்னவர், படிப்பில் பெரியவர். "நீங்க அடிக்கறதைப் பாத்தேன். காதுல விழுந்த ஒண்ணையும் விடறதில்லை. கோட் போடக் கத்துக்கறீங்களா?"

கோட் என்றதும் கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று நினைத்து, "அதெல்லாம் சின்னப் பசங்க வேலைங்க" என்று நழுவப் பார்த்தாள். மேடம் ஒரு பேட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

"முதல் தடவை பேனாவைத் தொடாம படிங்க. ரெண்டாவது தடவை படிக்கறப்போ, எங்க ஏதோ விஷயம் இருக்குன்னு படுதோ அங்க அடிக்கோடு போட்டு, ஓரத்துல அதுக்கு ஒரு சின்னப் பேர் வைங்க. அந்தப் பேர்தான் கோட். வேற வேற ஆளுங்க பேச்சுல அதே பேர் திரும்பத் திரும்ப வந்தா, ஏன் வருதுன்னு அப்புறம் யோசிக்கலாம்."

இவ்வளவுதானா என்று உட்கார்ந்தாள். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிய ஆய்வு அது. சாயங்காலம் தாளை நீட்டினாள். ஓரமெல்லாம் பெயர். 'புளுகு.' 'சமாளிப்பு.' 'மழுப்பல்.' ஓரிடத்தில், 'இந்த ஆள் சரியில்லை.'

மேடம் சிரித்துவிட்டார். "இந்த ஆள் சரியில்லைங்கறது கோட் இல்லைங்க, தீர்ப்பு. அவங்க சொன்னதுக்குப் பேர் வைங்க. உங்க சந்தேகத்துக்குப் பேர் வைக்காதீங்க."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைன்னு மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்றான் மேடம். கஷ்டமில்லாதவன் எதுக்கு அதைச் சொல்லிக்கிட்டே இருக்கான்?"

"நல்ல கேள்வி. அதைத் தனியா பக்கக் குறிப்புல எழுதுங்க. அப்புறம், ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்றதுக்கு முன்னாடி எதைப் பத்திப் பேசிட்டு இருந்தார்னு பாருங்க."

பார்த்தாள். அந்த ஆள் அக்காவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம்தான் 'கஷ்டமில்லை' என்றிருந்தான். அக்கா பணக்காரி, எட்டிப் பார்க்காதவள். 'புளுகு' என்பதை அடித்துவிட்டு, 'கேட்காமல் இருப்பதற்காகச் சொல்வது' என்று எழுதினாள். தாளை மேஜைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கையும் களவுமாகப் பிடித்ததில் வராத சந்தோஷம் இதில் வந்தது.

அப்புறம் வேலை பிடித்துக்கொண்டது. ஒரே பேட்டிக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர் வைத்து, பிறகு எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அந்தச் சண்டை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மேடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். "படிக்கறப்போ இது நமக்குத் தெரிஞ்ச ஆள்னு தோணினா, அந்த நிமிஷமே மூடி என்கிட்ட குடுத்துடணும். மேல ஒரு வரி படிக்கக் கூடாது." எனக்குத் தெரிந்தவர்கள் எவர் இங்கே வந்து வாயைத் திறக்கப் போகிறார்கள் என்று செக்கரம்மா தலையை ஆட்டி வைத்தாள்.

அப்படி ஒரு பேட்டி வந்தது. அவள் அடித்ததில்லை, வேறொருத்தி அடித்தது. இரண்டாம் பக்கத்திலேயே அவளுக்கு மூக்கில் வேர்த்தது. மூன்றாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. வலது பக்கம் விழுந்துபோன மாமியார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவன் லாரி ஓட்டுகிறான். வாராவாரம் நாத்தனார் வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டுப் போகிறாள். பச்சைக் கதவுகூட இருந்தது.

மூடிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. படித்தாள்.

'சில நாள் தூங்க வெச்சிட்டு, வெளிப்பக்கம் பூட்டிட்டுக் கிளம்பிடுவேன். எங்கேயாவது போய் உக்காந்துக்குவேன். அங்க இருந்தா கூப்பிட்டாலும் கேக்காது. கேக்கக் கூடாதுன்னுதான் அவ்வளவு தூரம் போறது.'

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஓரத்தில் அழுத்தி எழுதினாள். 'பூட்டுதல்.' அதன்கீழ், 'அலட்சியம்.' அதன்கீழ், பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு, 'துரோகம்.' அன்றைக்கு மதியம் அவள் தம்பி மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அலுவலகமே ஆச்சரியப்பட்டது.

வாராவாரம் போகிறவள் அதற்குப் பிறகு நேரங்கெட்ட நேரத்தில் போகத் தொடங்கினாள். எந்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறுவார் என்று தெரியாமல் இருப்பதில்தானே விஷயம் இருக்கிறது. காலையில் போனாள், அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி. உச்சி வெயிலில் போனாள், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் நகங்கள் வெட்டியிருந்தன, முதுகில் ஒரு புண் இல்லை. 'நான் வருவேன்னு தெரிஞ்சு செஞ்சு வெச்சிருக்கா' என்று நினைத்தாள். எதிர் வீட்டம்மாவை நிறுத்தி, பூட்டுகிற சத்தம் கேட்குமா, எப்போது கேட்கும், எவ்வளவு நேரம் கழித்துத் திறப்பாள் என்று துருவித் துருவிக் கேட்டாள். "நான் என்ன இவங்க வீட்டுக்குக் காவலா?" என்று அந்தம்மா முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினாள்.

கடைசியில் ஒருநாள் பிடிபட்டது. மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தால், பச்சைக் கதவில் பூட்டு. காதை வைத்துக் கேட்டாள், உள்ளே அம்மா ஏதோ முனகினாள். கொஞ்ச நேரத்தில் தம்பி மனைவி கையில் மருந்துப் பையோடு படியேறி வந்தாள்.

"வாங்க அண்ணி. மருந்து தீர்ந்துடுச்சு, கீழ போய் வாங்கிட்டு ஓடி வரேன்."

"மருந்தா? கூப்பிட்டாலும் கேக்காத தூரத்துல போய் உக்காந்துக்கிறியாமே. கேக்கக் கூடாதுன்னே போறியாமே."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? இல்லைன்னு சொல்லு பாப்போம்."

அவள் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமாமென்றும் சொல்லவில்லை. செக்கரம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. படியிலேயே வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். வாயில்லாத ஜீவனைப் பூட்டி வைக்கிறாயே, உன் அம்மாவாக இருந்தால் செய்வாயா, நீயெல்லாம் ஒரு பெண்ணா. எல்லா மாடியிலும் கதவுகள் திறந்தன.

தம்பி மனைவி பூட்டைத் திறந்தாள். உள்ளே போய் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஒரு பையில் இரண்டு துணியை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து சாவியைச் செக்கரம்மாவின் கையில் வைத்தாள்.

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன் அண்ணி. இனிமே உங்கம்மாவ நீங்களே பாத்துக்குங்க. அங்க வந்து யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

தம்பி எங்கோ நெடுஞ்சாலையிலிருந்து தொலைபேசியில் கத்தினான். "வந்து சேர இன்னும் நாளாகும். என்னத்தைப் பண்ணித் தொலைச்ச? அம்மாவை யாரு பாப்பா?"

"நான் இருக்கேன்ல" என்றாள் வீராப்பாக.

அந்த வீராப்பு எவ்வளவு நாள் தாங்கும்? அம்மாவின் பாரம் முழுக்க அவள் முழங்காலில் இறங்கியது. ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் சரிந்தாள். ஊட்டினால் பாதி வழிந்தது. அதைவிட அந்தக் குரல். வார்த்தை வராமல், வெறும் சத்தமாகவே அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போனால் ஒன்றும் வேண்டாம், திரும்பினால் மறுபடி கூப்பிட்டாள். தண்ணீரா, இல்லை. போர்வையா, இல்லை. பதில் சொல்லிச் சொல்லி ஒரு தடவை, "என்னதாம்மா வேணும் உனக்கு?" என்று செக்கரம்மா கத்திவிட்டாள். கத்தினதும் அழுகை வந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கை மட்டும் படுக்கையைத் தடவித் தடவி வேறு யாரையோ தேடியது.

ஒப்பிடும் நாள் வந்தது. பேட்டியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், மேடம் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். எதிர் வீட்டம்மாவிடம் கேட்கலாம் என்றால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அம்மா கண்ணயர்ந்திருந்தாள். சீக்கிரம் வந்துவிடலாம் என்று கதவைச் சாத்திப் பூட்டினாள். படியிறங்கும்போது உள்ளேயிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நிற்கவில்லை. தெருவுக்கு வந்து சத்தம் அறவே இல்லை என்றானதும் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு எவ்வளவு சுகமாக இருந்ததென்று உணர்ந்தபோது அவளுக்கே பயமாக இருந்தது.

மேடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செக்கரம்மாவின் ஓரத்தில் பூட்டுதல், அலட்சியம், துரோகம். அதே வரிகளுக்கு மேடம் வைத்திருந்த பெயர், 'மூச்சு விட ஓர் இடம்.'

"துரோகமா? யாருக்கு யார் பண்ண துரோகம்?"

செக்கரம்மாவால் அடக்க முடியவில்லை. "இது என் தம்பி பொண்டாட்டி மேடம். எங்க வீட்டுக் கதை. படிச்ச உடனே தெரிஞ்சுடுச்சு. கேட்டேன், சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டா."

மேடம் இரண்டு தாள்களையும் கவிழ்த்து வைத்தார். பக்கத்து மேஜையில் நாற்காலி நகர்ந்தது. முகமூடிக்காரர் எழுந்து நின்றிருந்தார். அவர் குரலை அங்கே பாதிப் பேர் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

"இல்லைங்க. அது உங்க வீடு இல்லைங்க. அது ஒரு ஆம்பளை. அவங்க அப்பாவைப் பாத்துக்கறவர். தரைத்தளத்து வீடு. வேற ஊரு."

"பச்சைக் கதவு?"

"நான் போட்டதுங்க." அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "பேரை மட்டும் எடுத்தா பத்தாது. சொந்தம், தொழில், வீடு, எல்லாத்தையும் மாத்தி வேறதைப் போடணும். எத்தனை பேட்டிக்குத்தான் புதுசு புதுசா யோசிக்கறது? தினம் மத்தியானம் நீங்க சொல்றதெல்லாம் காதுல கிடந்தது. மாடி, லிப்ட், டெலிபோன், நாத்தனார் எல்லாம் உங்க வாயிலேர்ந்து வந்ததுதாங்க. பூட்டிட்டுப் போறது மட்டும் அந்த ஆள் சொன்னது."

தன் வாயால் சொன்னதையே தாளில் படித்துவிட்டு, அதையே சாட்சியாக வைத்து, ஒருத்தியை வீட்டைவிட்டே துரத்தியிருக்கிறாள். செக்கரம்மாவுக்கு வெட்கம் காதுவரை ஏறியது. மேடம் முகமூடிக்காரரைத்தான் முதலில் பிடித்தார். கூட வேலை பார்க்கிறவர் வீட்டை எடுத்து ஒருவர் பேட்டியில் ஒட்டலாமா என்று காய்ச்சி எடுத்தார். பிறகு இவள் பக்கம் திரும்பினார். "தோணின நிமிஷமே மூடியிருந்தா இது நடந்திருக்குமா?" என்றார். அந்த ஆய்வில் இனி அவளுக்கு வேலையில்லை என்றும், மற்றதைப் பிறகு பேசலாம் என்றும் சொன்னார். செக்கரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தம்பி மனைவியின் அக்கா வீடு போகிற வழியில்தான். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள் செக்கரம்மா. "அது நீ இல்லை. வேற யாரோ. யாரோ சொன்னதை நீ சொன்னதா நெனச்சுட்டேன்."

"அத்தை கூட இப்ப யாரு இருக்கா?"

செக்கரம்மா தரையைப் பார்த்தாள். "யாரும் இல்லை. பூட்டிட்டு வந்தேன்."

குத்திக் காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவள் காட்டவில்லை. செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டே கேட்டாள். "சுவர் ஓரமா தள்ளிப் படுக்க வெச்சீங்களா? இடது பக்கம் ரெண்டு தலையணையைக் குறுக்க வெச்சீங்களா? தனியா விட்டா அந்தப் பக்கமாத்தான் நகர்ந்து நகர்ந்து வருவாங்க."

கேட்டுவிட்டு அவளே நின்றாள். தனியாக விட்டால் எந்தப் பக்கம் நகர்வாள் என்று, தனியாக விடாதவளுக்கு எப்படித் தெரியும்? செக்கரம்மாவுக்கா புரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வெக்கல" என்றாள் செக்கரம்மா. "எனக்குத் தெரியலம்மா. சீக்கிரம் வா."

அம்மா கட்டிலின் விளிம்புக்கு வந்திருந்தாள். ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டால் தரைதான். தம்பி மனைவி கட்டிலில் ஏறி, கக்கத்தில் கைகொடுத்து, ஒரே தூக்கில் நடுவே இழுத்துப் போட்டாள். அம்மாவின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. தேடியது யாரையென்று செக்கரம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். வலித்தது.

"நான் இருக்கேன், அத்தைக்காக" என்றாள் தம்பி மனைவி, திரும்பிப் பார்க்காமல். "ஆனா வாரத்துல ரெண்டு நாள் மத்தியானம் நீங்க வந்து உக்காரணும். சோதனை போட இல்ல, பாத்துக்க. நான் வெளிய போவேன். எங்க போறேன், ஏன் போறேன், யாரைப் பாத்தேன்னு ஒரு கேள்வி கேக்கக் கூடாது. முடியுமா உங்களால?"

தம்பி மனைவி வேறு எதைக் கேட்டிருந்தாலும் செக்கரம்மா கொடுத்திருப்பாள். அவள் கேட்டதோ இதை. "முடியும்" என்று செக்கரம்மா சொன்னபோது அவள் குரலை அவளே நம்பவில்லை.

முதல் மதியம், தலையணைகளைக் குறுக்கே வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவள் கிளம்பினாள். செக்கரம்மா அம்மாவைத் திருப்பினாள், ஊட்டினாள், கூப்பிட்ட போதெல்லாம் போய் நின்றாள். நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்க்கப் போனவள், பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு தம்பி மனைவி வந்தாள். செருப்பில் ஈரமண். கூந்தல் கலைந்திருந்தது. அழுதிருந்தாளோ, சிரித்திருந்தாளோ, கண் ஒரு மாதிரி பளபளத்தது. மண் இந்தத் தெரு மண் இல்லை. செக்கரம்மாவின் மூக்கு நுனியில் வேர்த்தது. வாசலிலேயே நின்று, கேட்கட்டும் என்பதுபோல அவள் பார்த்தாள்.

செக்கரம்மா எழுந்து அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள்.